முன்கூடத்துப் பெட்டியும் பின்கட்டு அறையும்

வில்லியனூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து வாலரண்ட் ஆடும் பிள்ளை சுடும் ஒவ்வொரு குண்டும் மும்பையில் இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கேபிள் போகும் வழி 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக 7.5 மில்லிவினாடி, வர 7.5 மில்லிவினாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் பல கருவிகளில் நின்று போகிறது என்பதையெல்லாம் சேர்த்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். அப்படியும் ஆட்டத்துக்கு அது போதும். அதே குண்டு, பின்கட்டிலிருந்து முன்கூடத்து டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரவுட்டரை எட்டுவதற்குள் மூன்று சுவர்களைத் தாண்ட வேண்டியிருந்தால், அந்த நாற்பது அடிக்குள்ளேயே 100, 200 மில்லிவினாடி வீணாகிவிடும். மும்பைக்குப் போய்வருவதைவிட முன்கூடத்துக்குப் போய்வர அதிக நேரம் ஆகிறது.

இந்த நாற்பது அடியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. வீட்டில் கேமிங் ரவுட்டர் ஒன்று இருக்கிறது, அல்லது வாங்கப்போகிறார்கள். அதோடு இரண்டாவதாக ஒரு வைஃபை பெட்டியை, அதாவது அக்சஸ் பாயிண்டை, எங்கே வைப்பது, எப்படி இணைப்பது, அது உண்மையில் பயன் தருமா என்ற கேள்வி புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களில் இன்று பல வீடுகளில் எழுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னறை வரை இழுத்த ஒரு லேன் கேபிளும், அதன் முனையில் வைத்த ஒரு பழைய ரவுட்டரும், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் எட்டு ஆன்டெனா பெட்டி செய்யாத வேலையைச் செய்யும். ஆனால் இணைக்கும் முறை தவறினால் அதே இரண்டாவது பெட்டி ஆட்டத்தைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் தாமதம் என்பது ஆட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். மார்க் கிளேபூல், கஜல் கிளேபூல் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆடுபவரின் கண் வழியாகவே களத்தைக் காட்டும் துப்பாக்கி ஆட்டங்களில் 100 மில்லிவினாடியைத் தாண்டினால் ஆட்டம் கெடும். பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்த்து ஆடும் ஆட்டங்கள் 500 வரை பொறுக்கும். களம் முழுவதையும் மேலிருந்து பார்க்கும் வியூக ஆட்டங்கள் 1,000 வரை தாங்கும் என்பது அவர்கள் கண்டது. இன்றைய போட்டி ஆட்டக்காரர்கள் இதைவிடக் கறார். அவர்களுக்குப் பிங், அதாவது போய்வரும் நேரம், 40-இல் நிலையாக நிற்பது, 20-க்கும் 150-க்கும் இடையில் துள்ளுவதைவிட மேல். இந்தத் துள்ளலைத்தான் பிள்ளைகள் 'லேக் அடிக்குது' என்கிறார்கள். துள்ளலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

'நெட்டை எல்லாம் உன் கேம்தான்டா தின்னுது' என்று ஆயா பேரனைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இது பிள்ளைகள் மேல் விழும் அநியாயமான பழி. ஆடும்போது ஒரு துப்பாக்கி ஆட்டம் இழுக்கும் தரவு வினாடிக்குச் சில நூறு கிலோபிட்டுக்குள் அடங்கும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். வேண்டும் என்று 2023-இல் விதி மாறியது. அந்தக் குறைந்த வேகத்திலேயே ஆட்டம் தாராளமாக ஓடும். உண்மையில் தின்பது ஹாலில் ஓடும் சீரியல், தானாகவே மேகத்துக்கு ஏறும் கல்யாண போட்டோக்கள், ஆட்டத்தின் பல ஜி.பி. அப்டேட் ஆகியவை. ஆட்டத்துக்கு வேகம் அதிகம் வேண்டாம், தன் முறை தவறாமல் கிடைத்தால் போதும். 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 300-க்கு மாற்றியும் லேக் தீரவில்லை என்று கேபிள்காரரிடம் சண்டை போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டின் அமைப்பைப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. வில்லியனூர்க் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை: திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு, கொல்லை. சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல், சில இடங்களில் அதைவிடத் தடிமன். ஒதியம்பட்டு, அரியூர்ப் பக்கத்துப் புது மனைகளில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம், மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. பாகூர்ப் பக்கம், கிருமாம்பாக்கம், சேலியமேடு வழியில், வீடு ஒரு கட்டடம், மாட்டுக்கொட்டகை இன்னொன்று, அண்ணன் தம்பி வீடுகள் ஒரே மனையில் இரண்டு என்று பிரிந்து கிடக்கும். இவை ஒவ்வொன்றும் வைஃபைக்கு வேறு வேறு தொல்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் தகரமும் அலையைத் திருப்பி அடிக்கும். இரும்பு பீரோவும் அப்படியே. மழைக்காலத்தில் ஊறிய சுவர், வெயில்காலச் சுவரைவிட அதிகம் விழுங்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் எதுவும் கிடைக்காது.

இழை கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடம் ஏறத்தாழ எப்போதும் தெருப்பக்கம்தான். கம்பத்திலிருந்து கேபிள்காரர் இழுத்துவந்து, டிவி இருக்கும் கூடத்தில் பெட்டியைத் தொங்கவிட்டுப் போவார். ஊரில் அதை மோடம் என்பார்கள், தொழிலில் ஓ.என்.டி. ஆயாவும் டிவியும் அதன் பக்கத்தில். படிக்கும், ஆடும் பிள்ளையோ வீட்டின் கடைசி மூலையில். ஆகவே முதல் வைத்தியம் செலவில்லாதது. பெட்டி வைக்கும் நாளிலேயே இழையை இன்னும் பதினைந்து இருபது அடி உள்ளே இழுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்ல வேண்டும். டிவிக்குப் பின்னால், பூஜை அலமாரிக்குள், பீரோ மேல் வைக்கக் கூடாது. பல வீடுகளில் இதற்கு மேல் எதுவுமே தேவைப்படாது.

இது போதாதபோது ஆன்டெனா நிறைந்த கேமிங் ரவுட்டரை நோக்கி மனம் போகிறது. அதன் அலை பரப்பும் ஆற்றலை நம்பி வாங்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கூவினாலும், கையில் இருக்கும் போனின் ரேடியோ சிறியது, அதன் பேட்டரியும் சிறியது. போனுக்கு ரவுட்டர் சொல்வது கேட்கும். போன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. திரையில் சிக்னல் கோடு நிறைந்திருந்தும் ஆட்டம் உறைந்து நிற்பது இதனால்தான். மேலும் வைஃபையின் அலைபரப்பு ஆற்றலுக்குச் சட்டப்படியே உச்சவரம்பு உண்டு. விலை கூடினாலும் அது கூடாது.

தூரத்து அறை எல்லாருக்கும் எப்படிக் கேடு செய்கிறது என்பதற்கு ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. பிரான்ஸ் நாட்டுக் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் 2003-இல் காட்டியது இது: ஒரே வைஃபையில் பல கருவிகள் இருக்கும்போது, சிக்னல் மங்கிய ஒரு கருவி மெதுவாகப் பேசினால், பக்கத்தில் இருக்கும் வேகமான கருவிகளும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். காரணம், ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். மெதுவாகப் பேசுபவர் காற்றை நெடுநேரம் பிடித்துக்கொள்கிறார். பின்கட்டில் இருக்கும் ஒரு பழைய போன், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் புது லேப்டாப்பையும் இழுத்துப் பிடிக்கும். இதற்கு மென்பொருள் வழியாக மருந்து கண்டவர்களில் அப்போது சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் டோகே ஹோய்லன்ட்-யோர்கன்சனும் அவர் தோழர்களும் முதன்மையானவர்கள். காற்றில் பேசும் நேரத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடும் அவர்களது முறை 2017-இல் வெளியாகி, லினக்ஸ் வழியாகப் பல ரவுட்டர்களுக்குள் போயிருக்கிறது. ஆனாலும் அடிப்படை மருந்து வேறு: மங்கிய கருவிக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியை வைத்துவிட்டால் அது வேகமாகப் பேசி முடித்து ஒதுங்கிவிடும். இரண்டாவது அக்சஸ் பாயிண்டின் பயன் பின்னறையோடு நிற்பதில்லை. முன்கூடத்திலும் காற்று காலியாகிறது. இதை நான் பெரிதாக நினைக்கிறேன், விற்பவர்கள் யாரும் சொல்லாததால்.

சந்தையில் இதற்குச் சில குறுக்குவழிகள் உண்டு. சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் மலிவானது. ஒரே ரேடியோவால் கேட்டதைத் திருப்பிச் சொல்வதால் அதன் வேகம் பாதியாகும், தாமதம் இன்னொரு மடங்கு சேரும். வாட்ஸ்ஆப்புக்குப் பரவாயில்லை, ஆட்டத்துக்கு ஆகாது. மெஷ் என்ற பெயரில் இரண்டு மூன்றாக விற்கும் பெட்டிகள் நல்லவைதான், அவற்றுக்கிடையே கேபிள் இருந்தால். கேபிள் இல்லாமல் காற்று வழியே பேசிக்கொள்ளும் மெஷ், தனி ரேடியோ இருந்தால் கொஞ்சம் மேல், இல்லாவிட்டால் விலை கூடிய ரிப்பீட்டர். மின்கம்பி வழியே நெட்டை அனுப்பும் பவர்லைன் கருவியை நம் வீடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னறை ஒரு ஃபேஸில், பின்னறை இன்னொரு ஃபேஸில் இருக்கும், நடுவில் இன்வெர்ட்டர் இருக்கும், மோட்டார் ஓடினால் அந்தக் கம்பியில் இரைச்சல் ஏறும்.

மிஞ்சுவது கேபிள். நூறு மீட்டர் வரை லேன் கேபிள் வேகம் குறையாமல் போகும். நம் வீடுகளில் முப்பது மீட்டரே அதிகம். அதில் சேரும் தாமதம் ஒரு மில்லிவினாடியில் சிறு பின்னம்.

இனி, கேமிங் ரவுட்டரையும் இரண்டாவது பெட்டியையும் எந்த வரிசையில் கோப்பது என்ற இடத்துக்கு வருகிறோம். பெரும்பாலான வீடுகள் தவறுவது இங்கேதான். வழக்கமாக நடப்பது இது: கூடத்தில் நிறுவனம் கொடுத்த மோடம் தன் வைஃபையோடு அப்படியே இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் பின்னறைக்குப் போகும். அங்கே பிள்ளையின் கேமிங் ரவுட்டர். முன்னால் இருப்பவர்கள் மோடம் வைஃபையில், பின்னால் இருப்பவர் கேமிங் வைஃபையில். பார்க்க ஒழுங்காகத் தெரியும் இந்த ஏற்பாட்டில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதல் பிழை, கேமிங் ரவுட்டரை எதற்காக வாங்கினார்களோ அந்த வேலையே நடக்காமல் போவது. அதன் உண்மையான மதிப்பு வரிசைப்படுத்தும் திறமையில் இருக்கிறது. இணைப்பு நிரம்பும்போது கருவிகளுக்குள் தரவுப் பொதிகள் நீண்ட வரிசையில் தேங்கி நிற்பதை ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010-இன் இறுதியில் உலகுக்கு எடுத்துச்சொல்லி 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் 2012-இல் அதற்குக் கோடெல் என்ற முறையை அளித்தனர். அதன் வளர்ச்சியான எஃப்.கியூ. கோடெல் 2018-இல் ஆர்.எஃப்.சி. 8290 ஆக வெளியானது. ஒரு பெரிய அப்லோட் ஓடினாலும், சிறிய ஆட்டப் பொதிகள் அதன் பின்னால் நிற்காமல் முந்திப் போகும்படி இது பார்த்துக்கொள்கிறது. நல்ல கேமிங் ரவுட்டர்களில் கியூ.ஓ.எஸ். என்ற தலைப்பில் இதுவோ இதைப் போன்ற ஒன்றோ இருக்கும். ஆனால் இந்தப் பங்கீடு வேலை செய்ய வேண்டுமானால் வீட்டின் எல்லாப் போக்குவரத்தும் அதன் வழியாகப் போக வேண்டும். பாகூர் ஏரித் தண்ணீரைப் பங்கிடுவது மதகில் நடக்க வேண்டும், கடைமடை வயலின் வரப்பில் நின்று பங்கிட முடியாது. முன்கூடத்தில் அக்காவின் போன் மோடம் வைஃபையிலிருந்து நேராக வீடியோ ஏற்றும்போது, பின்னறை ரவுட்டருக்கு அது நடப்பதே தெரியாது. பிங் 300-க்கு ஏறும், பல ஆயிரம் போட்டு வாங்கிய பெட்டி ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும்.

இரண்டாவது பிழை இரட்டை முகவரி மாற்றம், அதாவது டபுள் என்.ஏ.டி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் வெளியுலகில் ஒரே முகவரி. அதை மாற்றிக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. மோடமும் அதைச் செய்து, கேமிங் ரவுட்டரும் செய்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பு இரண்டு கதவுகளில் முட்டிக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 'என்.ஏ.டி. டைப் 3' என்று காட்டலாம். நண்பர்களோடு குரல் பேசவோ, தானே அறை திறந்து மற்றவர்களை அழைக்கவோ முடியாமல் போகலாம். இதன் மேல் மூன்றாவது கதவும் இருக்கலாம். முகவரிப் பஞ்சத்தால் இணைப்பு நிறுவனங்களே பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குள் அடைக்கின்றன. இதற்கென்றே 2012-இல் ஆர்.எஃப்.சி. 6598 என்ற ஆவணத்தில் 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் அந்த அடைப்புக்குள் இருக்கிறீர்கள். அப்போது வீட்டுக்குள் போர்ட் திறந்து பயனில்லை. ஐ.பி.வி6 இயங்குகிறதா என்று பார்க்கலாம், அல்லது தனிப் பொதுமுகவரி தருவார்களா என்று நிறுவனத்திடம் கேட்கலாம்.

சரியான வரிசை எளிது. மோடத்தை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லி கேபிள்காரரிடம் கேட்க வேண்டும். அந்த நிலையில் அது ஒளியை மின்னாக்கும் வேலையை மட்டும் பார்க்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு, வி-லேன் எண் ஆகியவற்றை வாங்கிக் கேமிங் ரவுட்டரில் போட வேண்டும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். கேமிங் ரவுட்டர் மோடத்தின் பக்கத்திலேயே உட்காரும், அதிலிருந்து கேபிள் பின்னறைக்குப் போகும், அங்கே இரண்டாவது பெட்டி அக்சஸ் பாயிண்டாக நிற்கும். இப்போது வீட்டின் எல்லாப் பொதிகளும் ஒரே இடத்தைத் தாண்டித்தான் வெளியே போகும்.

பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிக்காது. வாங்கிய கேமிங் ரவுட்டர் தன் மேசையில் விளக்கெரிய இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கும் வழி இருக்கிறது. ஒரே குழாயில் இரண்டு கேபிள் இழுக்க வேண்டும். ஒன்று மோடத்திலிருந்து பின்னறை கேமிங் ரவுட்டரின் வான் (WAN) முனைக்கு, அதாவது வெளி இணைப்பு வரும் முனைக்கு. மற்றொன்று அந்த ரவுட்டரின் லேன் முனையிலிருந்து திரும்பக் கூடத்துக்கு வந்து, அங்கே வைத்த இரண்டாவது பெட்டிக்கு. குழாய்க்கும் ஆள்கூலிக்கும் ஒரே செலவுதான். கூடுவது கேபிள் விலை மட்டும். எந்த ஏற்பாட்டிலும் கணினியோ பிளேஸ்டேஷனோ இருந்தால் அதைக் கேபிளிலேயே இணைத்துவிட வேண்டும். பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடும் போனுக்கும் டைப்-சி முனையில் செருகும் லேன் அடாப்டர் கிடைக்கிறது. போட்டி ஆடுபவருக்கு அது நல்ல செலவு.

பழைய ரவுட்டரை அக்சஸ் பாயிண்டாக மாற்றுவது அரைமணி நேர வேலை. அமைப்புப் பக்கத்தில் 'அக்சஸ் பாயிண்ட் மோடு' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாத பழைய பெட்டியில் மூன்றைக் கையால் செய்ய வேண்டும். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும், முதன்மை ரவுட்டருக்கும் அதே முகவரியாக இருந்தால் இரண்டும் மோதும். ஆகவே அதை 192.168.1.2 போன்று, முதன்மை ரவுட்டர் பிறருக்குக் கொடுக்காத ஓர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். பிறகு கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டி.எச்.சி.பி.யை அணைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்துக்கொண்டிருப்பார்கள், எந்தக் கருவிக்கு எப்போது நெட் போகும் என்று சொல்ல முடியாது. கடைசியாக, கேபிளை வான் முனையில் செருகாமல் லேன் முனைகளில் ஒன்றில் செருக வேண்டும். நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபை பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3-இல் வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த மிகப் பழைய பெட்டியாக இருந்தால் ஆசையை விட்டுவிட்டு, இரண்டு அலைவரிசையும் உள்ள சிறிய புதிய பெட்டி ஒன்று வாங்குவது நல்லது.

சேனல் தேர்வில் கிராமத்து வீட்டுக்கு ஓர் அனுகூலம் உண்டு. புதுச்சேரி நகரத்து அடுக்குமாடியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர்கள் வரும். குருவிநத்தத்தில் வயலோரத்து வீட்டில் இரண்டோ மூன்றோ வரும். காற்று காலி. 2.4-இல் ஒன்றுக்கொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11. முன்பெட்டிக்கு 1, பின்பெட்டிக்கு 11 கொடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தலாம். 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை 36-இலும் மற்றதை 149-இலும் வைத்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளாது. நடுவே 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை ரேடாருக்கு வழிவிட்டுத்தான் பயன்படுத்தலாம். ரேடார் என்று பெட்டிக்குச் சந்தேகம் வந்தால் ஆட்டத்தின் நடுவில் சேனல் மாறும். ஆட்டக்காரர் வீட்டில் அவற்றைத் தவிர்ப்பது மேல்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயரா, வேறு வேறு பெயரா என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. நான் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்ற பக்கம். பெட்டி மாறுவதைத் தீர்மானிப்பது போன், ரவுட்டர் இல்லை. போன்கள் பிடித்த பெட்டியை எளிதில் விடுவதில்லை. கூடத்தில் பிடித்ததைக் கொல்லை வரை இழுத்துக்கொண்டு போகும். அதற்கு மருந்து, இரண்டு பெட்டிகளின் ஆற்றலையும் நடுத்தரத்துக்குக் குறைப்பது. கேட்கப் புதிராக இருந்தாலும் குறைத்தால்தான் போன் சீக்கிரம் கைமாறும். வைஃபை தரமான 802.11-இன் கே, வி, ஆர் என்ற சேர்க்கைகள் இருந்தால் மாற்றம் இன்னும் சுமுகமாகும். ஆடும் கருவிக்கு மட்டும் பக்கத்துப் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸில் தனிப்பெயர் கொடுத்துக் கட்டிவைத்துவிட வேண்டும், நடுவில் அலையாமல் இருக்க. மொபைல் சிக்னல் உள்ளே வராத வீடுகளில் வைஃபை வழியே அழைப்புப் பேசுகிறார்கள். கொல்லைக்கு நடந்துகொண்டே மருத்துவமனையோடு பேசும் அம்மாவின் அழைப்பு அறுபடாமல் இருப்பதும் இந்த ஏற்பாட்டைப் பொறுத்தது.

பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இடியும் வெள்ளமும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. இங்கே பெட்டியையும் கேபிள் சந்திப்புகளையும் தரைமட்டத்தில் வைக்கக் கூடாது. இன்னும் முக்கியமாக, அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு, வீட்டிலிருந்து தோட்டத்து அறைக்கு, திறந்த வெளியில் தென்னைமரத்தைத் தாங்கலாகக் கொண்டு செம்புக் கேபிள் இழுப்பது ஆபத்து. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அந்தக் கம்பியில் மின்னழுத்தம் தாவும். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒன்றாக இல்லாததால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் பாயும். ரவுட்டர், கணினி, டிவி மூன்றும் ஒரே நொடியில் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஒளியிழை கேபிளும், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் போட வேண்டும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. உலோகக் கம்பி சேராத இழையா என்று கேட்டு வாங்க வேண்டும். கேபிள் டிவிக்கு இழை ஒட்டும் ஆட்கள் ஊரிலேயே இருப்பதால் இது முன்புபோல் அரிய வேலை இல்லை.

வீட்டுக்குள் போடும் செம்பு கேபிளிலும் ஏமாற்றம் உண்டு. விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. முனை கிரிம்ப் செய்யும்போது ஒடியும், கடற்காற்றில் சீக்கிரம் அரிக்கும். முழுச் செம்பு கேட்-5இ அல்லது கேட்-6 என்று கேட்டு, ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்கலாம்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். வெளிச்சுவர் வழியே போனால் கறுப்பு உறை கேபிளும் பி.வி.சி. குழாயும் அவசியம், வெயில் ஒருபக்கம், எலியும் அணிலும் மறுபக்கம். மின்கம்பி போகும் அதே குழாய்க்குள் இதை நுழைக்க எலக்ட்ரீஷியன் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் வரும் தொல்லை வேறு. ஒரு நொடி விளக்கு மினுக்கினாலும் ரவுட்டர் மறுபடி எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும்; ஆட்டத்தில் அதற்குள் அணி தோற்றிருக்கும். மோடம், ரவுட்டர், அக்சஸ் பாயிண்ட் மூன்றும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. அந்த அளவுக்குச் சிறிய யு.பி.எஸ். பெட்டிகள் கிடைக்கின்றன. பின்பெட்டிக்கு யு.பி.எஸ். வாங்க மறப்பவர்கள் அதிகம். முன்னால் நெட் இருக்கும், பின்னால் இருக்காது. பி.ஓ.இ. ஆதரவுள்ள அக்சஸ் பாயிண்டாக இருந்தால் லேன் கேபிள் வழியே அதற்கு மின்சாரமும் போகும். முன்னால் ஒரே இடத்தில் பேட்டரி வைத்தால் போதும்.

சட்டப் பக்கத்தையும் தொட்டுவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் வைஃபை நடத்த இந்தியா 2005-இல் அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது.  6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 5-ஐவிடவும் மெலிவு. அதன் முழுப்பயனை எடுக்க அறைக்கு ஒரு பெட்டி வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேபிள் வேண்டும். வைஃபை முன்னேற முன்னேற வீட்டுக்குள் கேபிளின் தேவை கூடிக்கொண்டே போகிறது.

வில்லியனூரைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தளம் போடும் முன் எலக்ட்ரீஷியன் மின்குழாய் பதிக்கும் அந்த இரண்டு மூன்று நாட்கள்தான் லேன் கேபிளுக்கு வழி விட்டுவைக்க நேரம். கூடத்தில் மோடம் வரும் இடத்திலிருந்து பின்னறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, மின்கம்பிக் குழாயிலிருந்து ஓரடியாவது விலகி, முக்கால் அங்குலக் குழாய் பதித்து உள்ளே ஒரு இழுகம்பி விட்டுவைக்கச் சொல்லுங்கள். இரண்டு கேபிள் போகும் அகலம் அது. முனைகள் முடியும் இடத்தில் ஒரு சுவிட்ச் பெட்டியும், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டும் இருக்கட்டும்.